மரக்கறிப் பங்கும் மகளின் வீடும்

ஒரு பெண்பிள்ளைக்குச் சில மாதங்கள் படுத்தெழும்ப ஓர் அறை தேவைப்பட்டது. கொடுக்கக்கூடிய இடத்தில் நான் இருந்தேன். கொடுக்கவில்லை. அதோடு நின்றிருந்தால் இத்தனை வருடம் கழித்து எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அந்தக் காலத்தில் கொடுக்காதவர்கள் ஊரெல்லாம் இருந்தார்கள். நான் செய்தது வேறு. கொடுக்காத பழியை இன்னொருவர் தலையில் வைத்தேன். அதைச் சொல்வதற்கு, நாங்கள் மரக்கறிக்குப் பங்கு சேர்ந்த கதையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

சுனாமியில் கடல் வந்தபோது நான் ஓய்வுபெற்றுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். ஆரையம்பதியில் கடற்கரைப் பக்கமாக ஒரு சின்ன வீட்டில் நானும் மனைவியும் இருந்தோம். வீதியோரத்துப் பெரிய வீட்டை மகளின் கல்யாணத்தோடு அவள் பெயருக்கு எழுதிவிட்டோம். எங்கள் பக்கத்து வழக்கம் அது. வீடு பெண்ணுக்கு. ஆண் என்பவன் மனைவியின் வீட்டில் இருப்பவன். கடல் மனைவியையும் கொண்டுபோனது, அவளுடைய வீட்டையும் கொண்டுபோனது. இடுப்பில் கிடந்த சாரத்தோடு மகளின் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

மருமகன் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர். நல்ல மனிதர். “மாமா, இந்தக் கதிரையில இரிங்க” என்பார். அந்த “இரிங்க” என்னை உறுத்தும். சொந்த வீட்டில் இருப்பவனை யாரும் உட்காரச் சொல்வதில்லை. மகள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. காலையில் இருவரும் பேரப்பிள்ளையைப் பாலர் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நான் கேற்றைத் திறந்து விட்டுப் பிறகு பூட்டுவேன். எனக்கென்று அந்த வீட்டில் இருந்த வேலை அதுதான்.

நிவாரணமாக மாவு, பருப்பு, சீனி, டின்மீன் எல்லாம் வந்தன. மரக்கறிதான் இல்லை. கரையோரத்துக் கிணறுகளெல்லாம் உவர்த்துப் போயிருந்தன. இறைத்து இறைத்துப் பார்த்தார்கள். வாயில் வைக்க முடியவில்லை. அந்த நாட்களில்தான் என் மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணன், தபால் அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர், ஒரு யோசனையோடு வந்தார்.

“மச்சான், பருப்பும் டின்மீனும் திண்டு திண்டு நாக்குச் செத்துப் போச்சு. மரக்கறிக்குப் பங்கு சேருவமா?”

“சந்தையில வாங்குற சாமானுக்கு என்ன பங்கு?”

“சந்தையில கிடக்கிறது லொறியில வெந்து வாற கத்தரிக்கா. இது வேற. மாரிக்கு முன்னமே தோட்டக்காரருக்கு விதைக்கும் வேலிக்கும் குடுத்துடுறது. மறுகா கிழமைக்குக் கிழமை விளையிறத்தில நம்முட பங்கு வரும்.”

“விளையல்லையெண்டா?”

“நீயும் நானும் ஆளையாள் பாத்துக்கொண்டு இரிக்கிறது.”

பங்கு தரக்கூடிய தோட்டம் இரண்டு இருந்தது. முதலாவதைப் பார்க்க சைக்கிளில் போனோம். நிவாரண நிறுவனம் ஒன்று கடற்கரைப் பக்கம் போட்டிருந்த தோட்டம். புதுப் பலகை, புதுக் குழாய்கள், ஆங்கிலத்தில் அச்சடித்த துண்டுப்பிரசுரம். அதை முதலிலிருந்து கடைசிவரை வாசித்த ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும். சேருபவருக்கு என்னென்ன உரிமை என்று அழகாக எழுதியிருந்தார்கள். ஆனால் வெண்டி இலைகளின் விளிம்பெல்லாம் நெருப்பில் வாட்டினதுபோல் கருகியிருந்தது. மச்சான் ஒரு கீரையைக் கிள்ளி வாயில் போட்டார்.

“நல்லம்” என்றார். “இதுக்கு உப்புப் போடத் தேவல்ல.”

இரண்டாவது தோட்டம் வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் இருந்தது. போவதற்குப் பாதையில் ஏற வேண்டும். பாதை என்று நாங்கள் சொல்வது, ஆட்களையும் சைக்கிளையும் உழவு இயந்திரத்தையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையை. இந்தக் கரையில் இராணுவம் நின்றது. அந்தக் கரை இயக்கக்காரர் கையில் இருந்தது. சமாதானம் என்று பெயர் வைத்திருந்த காலமாதலால் இரண்டு பக்கமும் பையைப் பார்த்துவிட்டு விட்டார்கள். இறங்கி, வயல்வட்டையைத் தாண்டிப் போனால் மேட்டில் தோட்டம். தோட்டத்துக்காரி நாற்பது வயதிருக்கும். புருசன் அதிகம் பேசாதவர். மரநிழலில் அவர்களுடைய மகள் விஞ்ஞானப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கத்தரிக்காயில் சொத்தை பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் துண்டுப்பிரசுரத்தை மனதில் வைத்துக்கொண்டு கேட்டேன்: “பங்கு எண்டா எவ்வளவு தருவீங்க?”

தோட்டத்துக்காரி சிரித்தாள். “அத மழையட்டக் கேளுங்க ஐயா. எங்களிட்டத் தராசு இல்ல. ஆஞ்சு கொண்டுவந்து கூறு போடுவம். எத்தின ஊடோ அத்தின கூறு. எங்களுக்கும் ஒரு கூறு. ஆருக்கு எது எண்டு குறி போட்டு எடுக்கிறது.”

“பூச்சி விழுந்தா?”

“பூச்சியும் பங்குதான். காய்க்கு மட்டும் பங்காளி எண்டு ஒருத்தரும் சேரப்படா. காய்க்காத நாளையிலயும் நீங்க எங்களுக்கு ஆக்கள், நாங்க உங்களுக்கு ஆக்கள். அதுக்கு ஓமெண்டா சேருங்க.”

“ஓம்” என்றேன்.

கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன். இனித்தது. அதனால்தான் அந்தத் தோட்டத்தைத் தெரிந்தெடுத்தேன் என்று வீட்டில் சொன்னேன். அது பாதி உண்மை. மீதி இதுதான்: ஒவ்வொரு கிழமையும் மகளின் வீட்டுக்குள் கையில் ஏதாவது ஏந்திக்கொண்டு நுழைய எனக்கு ஆசையாக இருந்தது. அக்கரைத் தோட்டமென்றால் யாராவது போய் எடுத்து வர வேண்டும். அந்த ஆள் நானாக இருக்கலாம்.

அப்படியே ஆயிற்று. ஏழெட்டு வீடுகள் சேர்ந்தோம். இராணுவக்காரரோடு சிங்களத்தில் கதைக்கக்கூடியவன் என்பதால் எல்லாருடைய பைகளையும் கொண்டுவரும் வேலை எனக்கு வந்தது. சில கிழமைகள் தோட்டத்துக்காரியே இந்தக் கரைக்கு வந்து, துறையடியில் சாக்கை விரித்துக் கூறு போடுவாள். கத்தரி, பயிற்றங்காய், பாகல், மரவள்ளி, ஒரு பிடி கீரை. ஒவ்வொருவரும் ஒரு குறியைக் கொடுக்க வேண்டும். ஒருவர் தீக்குச்சி, ஒருவர் சட்டைப் பொத்தான், ஒருவர் இலை. மறுபக்கம் திரும்பி நின்ற யாராவது வந்து குறிகளைக் கூறுகளின் மேல் ஒவ்வொன்றாக வைப்பார்கள். பெரிய பாகற்காய் எப்போதும் மச்சானுக்கே விழும்.

“எண்ட சீவியத்தப் பாத்துத்தான் விழுகுது” என்பார். “ஊட்டிலயும் கசப்பு, இஞ்சயும் கசப்பு.”

“அக்காட்டச் சொல்லட்டா?” என்பாள் தோட்டத்துக்காரி.

“சொல்லு தங்கச்சி. சொல்லிப்போட்டு அந்தப் பாகக்காயையும் அவட கையிலயே குடு.”

பங்காளிகள் மாரிக்கு ஒருமுறையாவது போய்ப் புல்லுப் பிடுங்க வேண்டும் என்பதும் பேச்சு. நான் அடிக்கடி போனேன். புல்லுப் பிடுங்குவதைவிட நாற்றுகளைப் பிடுங்குவதுதான் அதிகம் என்று அந்தப் பெண்பிள்ளை என்னைக் கேலி செய்வாள். பதினைந்து வயது. கேள்வி கேட்டால் விடமாட்டாள்.

“ஐயா, கோட்டில சாட்சிக்காரன் பொய் சொன்னா நீங்க என்ன செய்வீங்க?”

“அவன் சொன்ன பொய்ய அப்படியே சிங்களத்தில சொல்லுவன். கூட்டவும் ஒண்ணா, குறைக்கவும் ஒண்ணா.”

“அப்ப அவன் சும்மா பொய் சொல்லுவான், நீங்க சம்பளத்துக்கு.”

தாய் அதட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுடைய பள்ளியில் கணிதத்துக்கு ஆசிரியர் இல்லாத வருடம் அது. ஆனாலும் சாதாரண தரப் பரீட்சையை ஒரே முறையில் முடித்துவிட்டு, உயர்தரத்துக்குப் பட்டணத்துப் பள்ளிக்கு வருவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தாய் அதைப் பெருமையோடு கேட்டுக்கொண்டு, வாயால் மட்டும், “முதல்ல உந்தக் கத்தரிக்காய முடி” என்பாள்.

ஒரு வருடமும் இன்னும் கொஞ்சமும் அப்படிப் போயிற்று. பிறகு சமாதானத்துக்குப் பெயர் மட்டும் மிஞ்சியது. துறையில் காவல் கூடிற்று. ஒருநாள் பைகளோடு இறங்கியபோது, சீருடை போடாத ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல சிங்களத்தில், மரியாதையாகத்தான் கேட்டார். ஏன் இத்தனை தடவை போகிறாய்? இந்த வயதில் உனக்கென்ன அங்கே வேலை? மரக்கறி என்றேன். ஒரு கொட்டிலுக்குள் மர வாங்கில் இருக்கவைத்தார்கள். என் கண்முன்னே பைகளைக் கொட்டி, புடலங்காய்களை ஒவ்வொன்றாக எடுத்து நெடுக்கே பிளந்தார்கள். உள்ளே விதையைத் தவிர ஒன்றுமில்லை. வெயில் உச்சிக்கு வந்த பிறகு, எந்த வீட்டில் இருக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். வீட்டு இலக்கத்தை அவர் ஒருமுறை தன் வாயால் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். “மகளின் வீடா?” என்றார். “ஆம், மகளின் வீடு.” போகலாம் என்றார்.

புடலங்காய்கள் வழியில் விழுந்து வெடித்துவிட்டன என்று பங்காளிகளுக்குச் சொன்னேன். மகளுக்கும் அதையே சொன்னேன். சும்மா பங்கை விட்டுவிடவும் முடியவில்லை. நின்றால் ஏன் நின்றாய் என்று மச்சான் கேட்பார். சொன்னால் மருமகன் பயந்துபோவார், என்னால்தான் தன் வேலைக்கு ஆபத்து என்று நினைப்பார். ஆகவே போய்க்கொண்டிருந்தேன். கேற்றடியில் மோட்டார்சைக்கிள் மெதுவாகப் போனால் எழுந்து யன்னலுக்குப் பின்னால் நிற்பேன். அந்த இலக்கம் அவருடைய வாயில் இருந்துகொண்டே இருந்தது.

பிறகு பாதையே நின்றது. அடுத்த மழைக்காலம் முடிகிற நேரத்தில் அக்கரையில் செல் விழத் தொடங்கியது. எங்கள் வீட்டு யன்னல் கண்ணாடிகள் அதிரும். சனங்கள் வாவியைக் கடந்து வந்தார்கள். தோணியில் வந்தார்கள், சுற்றிக்கொண்டு பாலத்தால் வந்தார்கள். பள்ளிக்கூடங்களும் வெறும் வளவுகளும் தறப்பாள் கூடாரங்களால் நிரம்பின. மகள் படிப்பித்த பள்ளியும் முகாமாயிற்று. அவள் வீட்டிலிருந்த உடுப்புகளையெல்லாம் கிண்டிக் கட்டி எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து, “பாவம் அப்பா அந்தச் சனம். குமர்ப்பிள்ளையள் குளிக்கிறத்துக்கு ஒரு மறைப்பு இல்ல” என்றாள்.

தோட்டத்துக்காரி என்னைத் தேடி வந்தது அந்தக் கிழமைகளில்தான். முதலில் மச்சானிடம் போயிருக்கிறாள். அவருடைய மனைவியின் ஆட்கள் அக்கரையிலிருந்து வந்து வீடு நிறைந்து, மச்சானே மாட்டுக் கொட்டிலில் படுத்திருந்தார். “எண்ட மச்சானிட்டப் போ தங்கச்சி, அங்க அறை கிடக்கு” என்று அவர்தான் அனுப்பியிருக்கிறார். காலை நேரம். மகளும் மருமகனும் வெளியே போயிருந்தார்கள். கேற்றைத் திறந்தேன். அவள் உள்ளே வரவில்லை. செருப்பில்லாத காலை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு நின்றாள்.

“தோட்டம் எரிஞ்சிட்டுது ஐயா. அது போகட்டும். நாங்க முகாமில இரிப்பம், எங்களுக்கு ஒண்டுமில்ல. புள்ளைய மட்டும் கொஞ்ச நாளைக்கு உங்கட ஊட்டில வெச்சிரிப்பீங்களா?”

நான் வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தேன்.

“இரவில டோர்ச் அடிச்சுக்கொண்டு ஆரோ கொட்டில் கொட்டிலாப் பாத்துக்கொண்டு போறாங்க. ஆர் எவர் எண்டு தெரியல்ல. சத்தியமா நித்திர இல்ல ஐயா. அவளும் டிசம்பரில சோதின எடுக்கணும். ஒரு மூலை போதும். சமைப்பாள், கூட்டுவாள், உங்கட பேரப்புள்ளயப் பாப்பாள்.”

“நாளைக்கு ஆமிக்காரர் ஊட்டு ஆக்களப் பதிவு செய்ய வருவாங்களே…” என்று எதையோ தொடங்கினேன்.

“பதிவுக்குக் கிராம சேவகரிட்டக் கதைச்சுட்டன். ஊட்டுக்காரர் ஒரு கையெழுத்து வெச்சா விடுவாங்களாம். டீச்சர் படிப்பிக்கிற ஆள், அவவுக்கு மறுக்க மாட்டாங்களாம்.”

எல்லா வாசல்களையும் அவள் முன்கூட்டியே திறந்து வைத்துவிட்டு வந்திருந்தாள். எனக்கு அப்போது கொட்டிலின் வாங்கும், பிளந்த புடலங்காய்களும், என் மகளின் வீட்டு இலக்கத்தைச் சொல்லிப் பார்த்த அந்த வாயும்தான் தெரிந்தன. படுவான்கரையிலிருந்து வந்த ஒரு குமர்ப்பெண் அந்த வீட்டில் இருக்கிறாள் என்று தெரிந்தால் என்ன நினைப்பார்கள்? ஒன்றும் நினைக்காமலும் போயிருக்கலாம். ஆயிரம் வீடுகளில் அப்படிப் பிள்ளைகள் இருந்தார்கள்.

“ஊடு மகள்ற பேரில தங்கச்சி” என்றேன். “நான் இஞ்ச இரிக்கிற ஆள்தான். அவக்கிட்டக் கேட்டுத்தான் சொல்லணும்.”

“அது முறைதானே. கேளுங்க. நாளைக்கழிச்சு வாறன்.”

போகும்போது ஒரு சொப்பிங் பையைக் கேற்றுத் தூணில் கொளுவிவிட்டுப் போனாள். உள்ளே நாலைந்து மரவள்ளிக் கிழங்கு. எரிந்த தோட்டத்திலிருந்து எப்படிக் கொண்டு வந்தாளோ. அந்தக் கிழமைப் பங்கு அது.

அன்று பின்னேரம் மகள் வந்து, கிழங்கைப் பார்த்துவிட்டு, “ஆர் தந்தது?” என்று கேட்டாள். மச்சான் தந்ததாகச் சொன்னேன். அவித்து, தேங்காய்ப்பூவும் கட்டைச் சம்பலுமாகச் சாப்பிட்டோம். சாப்பிடும்போது முகாமைப் பற்றித்தான் அவள் கதைத்தாள். எனக்கு ஒரு வசனம் போதுமாயிருந்தது. “தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள், கொஞ்ச நாளைக்கு இங்கே வைத்திருப்போமா?” கேட்டால் அவள் ஓம் என்பாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. மருமகனும் முகத்தைச் சுளித்துவிட்டுப் பிறகு ஓம் என்றிருப்பார். இல்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்த வீட்டில் நான்தான். எனக்கோ இல்லையென்று சொல்ல அங்கே உரிமை இல்லை. என் பயத்தைச் சொல்வதென்றால், துறையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால், அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை அக்கரைக்குப் போய் மகளின் வீட்டைக் கண்காணிப்புக்குள் இழுத்துவிட்டேன் என்பதும் வரும். வாயைத் திறக்க முடியாத இடத்தில் போய் நானே உட்கார்ந்திருந்தேன்.

சொன்னபடி தோட்டத்துக்காரி வந்தாள். அன்றும் காலை. அவள் கேற்றுக்கு வருமுன்பே நான் வீதிக்குப் போய்விட்டேன்.

“மகள் ஒண்ணாதெண்டிட்டா தங்கச்சி.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் இன்னும் சேர்த்தேன். “சின்னப் புள்ள ஊட்டில, மருமகன் அரசாங்கத்தில. அவ பயப்பிடுறா. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தன்.”

முப்பது வருடத்துக்கு மேல் மற்றவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னபடியே சொல்லிச் சம்பளம் வாங்கியவன் நான். என் மகள் வாயால் வராத வார்த்தைகளை அவளுடைய வார்த்தைகளாக அந்த வீதியில் நின்று சொன்னேன். தடுமாறவே இல்லை.

தோட்டத்துக்காரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “அது சரிதான் ஐயா. ஊடு அவட ஊடு. பயம் எண்டா என்ன செய்யிற. நீங்க அதுக்காக அவவோட பகைக்காதீங்க” என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு மாதம் ஆகியிருக்காது. மச்சான் வந்து சொன்னார், அந்தப் பெண்ணுக்கு முகாமிலேயே தாலி கட்டிவிட்டார்களாம். தாயின் அண்ணன் மகன், முறை மச்சான், மேசன் வேலைக்குக் கையாளாகப் போகிறவன். அந்த நாட்களில் முகாம்களில் அப்படிக் கல்யாணங்கள் நிறைய நடந்தன. கழுத்தில் தாலி கிடந்தால் டோர்ச் வெளிச்சம் கொஞ்சம் தள்ளி விழும் என்று தாய்மார் நம்பினார்கள். பிள்ளைக்குப் பதினேழு. பரீட்சைக்கு அவள் போகவில்லை.

“உன்ட மகள் ஏன் மச்சான் ஒண்ணாதெண்டவ?” என்று மச்சான் கேட்டார். “அவ அப்படிப்பட்ட புள்ள இல்லையே.”

“பயம்” என்றேன்.

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவரும் நானும் பழையபடி பகிடி விட்டுக் கதைத்ததில்லை. அடுத்த வருடம் பிள்ளைகளிடம் கனடாவுக்குப் போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் சண்டை முதலில் ஓய்ந்தது. வடக்கில் ஓய இன்னும் இரண்டு வருடம் சென்றது. எல்லாம் முடிந்துவிட்டது என்று வெடி கொளுத்திய நாட்களுக்குப் பிறகு, துறையில் காவல் குறைந்து, பாதை காலை முதல் மாலை வரை ஓடத் தொடங்கியது. ஒருநாள் கேற்றடியில் யாரோ கூப்பிட்டார்கள். நான் போகுமுன் மகள் போய்விட்டாள். விடுமுறை நாள். தோட்டத்துக்காரி தலையில் சாக்கோடு நின்றாள். மெலிந்து, முன்பல் ஒன்று போயிருந்தது.

“தோட்டம் திரும்பப் போட்டிரிக்கம் டீச்சர். முதல் காய். பழைய பங்காளிகளுக்குக் குடுக்காம விக்க மனம் வரல்ல.”

மகள் அவளை உள்ளே கூப்பிட்டாள். தேத்தண்ணி போட்டாள். நான் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். எழும்பி வெளியே போயிருக்கலாம். போகவில்லை.

“எங்க அக்கா இவ்வளவு நாளும்? அப்பாட்டக் கேட்டா தெரியாதெண்டுறார்” என்றாள் மகள்.

“முகாமில கிடந்தம், மறுகா ஊருக்குப் போனம். இஞ்சால வரத்தான் கொஞ்சம் கூச்சமாக் கிடந்திச்சு.” தோட்டத்துக்காரி கோப்பையைக் கீழே வைத்தாள். “ஒண்டு சொல்லுறன் டீச்சர், குறை நினைக்கப்படா. அண்டைக்கு எண்ட புள்ளைய வெச்சிரிக்க ஒண்ணாதெண்டு நீங்க சொன்னத நான் மனசில வைக்கல்ல. அப்ப ஆருக்குத்தான் பயமில்ல? அத உங்கட வாசலில சொல்லிப்போட்டுத்தான் திரும்பப் பங்கு தரணும் எண்டு வந்தன்.”

பேப்பருக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மகள் என் பக்கம் திரும்புவது தெரிந்தது. பிறந்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்த பிள்ளை. அவள் எவ்வளவு நேரத்தில் விளங்கிக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு மூச்சு எடுத்து விடுகிற நேரம் இருக்கும்.

“ஓம் அக்கா” என்றாள். “அப்ப பயந்துதான் போனம்.”

தோட்டத்துக்காரி போன பிறகு மகள் பயிற்றங்காயை முறித்துக் கறி வைத்தாள். எனக்குச் சோறு போட்டாள். நான் அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். “சோறு ஆறுது அப்பா, திண்ணுங்க” என்றாள். வேறு ஒரு நாள் மீண்டும் தொடங்கினேன். “கேற் பூட்டியாச்சா அப்பா?” என்றாள். என்னோடு கோபிக்கவில்லை. மருந்து எடுத்துத் தருவதில், வெந்நீர் வைப்பதில் ஒரு குறையும் இல்லை. அந்த விசயத்தை நான் வாயில் எடுக்க மட்டும் அவள் விடவில்லை. அவளிடம் அடி வாங்கியிருந்தால் அந்த வீட்டில் எனக்கு மூச்சு விடக் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கும்.

கிழமைக்குக் கிழமை பங்கு வந்தது. மகள் அதை வாங்கி, தன் மேல் விழுந்த மன்னிப்பையும் சேர்த்து வாங்கிக்கொண்டு நின்றாள். பொறுக்க முடியாமல், ஒரு காலை, யாருக்கும் சொல்லாமல் பாதையில் ஏறினேன். மகளின் பெயரையாவது அந்த வளவில் துடைத்துவிட்டு வருவது என்று.

தோட்டத்தில் தாய் இல்லை. வட்டைக்குப் போயிருந்தாள். பெண்பிள்ளை மட்டும் இருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. பயிற்றங்காயை ஒரு பிடி ஒரு பிடியாக வாழைநாரால் கட்டிக்கொண்டிருந்தாள். புருசன் கட்டாருக்குப் போய்விட்டானாம். “ஐயாவா? இரிங்க” என்றாள்.

நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். “புள்ள, அண்டைக்கு டீச்சர் ஒண்ணாதெண்டு சொல்லல்ல. நான் அவக்கிட்டக் கேக்கவே இல்ல. பொய் சொன்னது நான்.”

அவள் கட்டிக்கொண்டிருந்த கட்டை முடித்தாள். அடுத்ததை எடுத்தாள்.

“எனக்கு அது ஒண்டுதான் ஐயா. ஆரு சொன்னா என்ன?” என்றாள். “அம்மா உங்களிட்ட வந்திட்டுப் போனதில இரிந்து நான் உடுப்ப மடிச்சு, புத்தகத்தக் கட்டி வெச்சுக்கொண்டு தறப்பாளுக்கு வெளியால குந்திக்கொண்டு இரிந்தன். பக்கத்துக் கொட்டில் மாமி, ‘எங்க புள்ள பயணம்?’ எண்டு கேட்டா. ‘ஆரையம்பதியில டீச்சர் ஊட்டுக்கு, படிக்கப் போறன்’ எண்டு எல்லாருக்கும் சொல்லிட்டன். மறுகா ஒவ்வொருத்தரிட்டயும் போகல்லையெண்டு சொல்ல வேண்டி வந்திச்சு. அதுதான் எனக்கு வெக்கமாக் கிடந்திச்சு. தாலி கட்டினது கூட அப்படி இல்ல.”

குழந்தை ஒரு பயிற்றங்காயை வாயில் வைத்தது. அதைப் பறித்து எறிந்தாள்.

“டீச்சருக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“என்ன சொன்னவ?”

“ஒண்டும் சொல்லல்ல. உங்கட அம்மாவுக்கும் சொல்லல்ல. இண்டைக்கு அம்மாவுக்கு நான் சொல்லப் போறன்.”

அவள் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முன்பு சாட்சிக்காரனைப் பற்றிக் கேட்ட பிள்ளையின் கண்கள் இல்லை.

“சொல்லப்படா” என்றாள். “உங்களுக்கு லேசாகும் எண்டு அம்மாவப் போட்டு உடைக்கிறதா? அவக்காகக் கதைச்சவர் எண்டு அவ நம்புற ஒரே ஆள் நீங்க. உங்களையும் பொய் எண்டு தெரிஞ்சா அவ மறுகா எந்தக் கரையில போய் ஆர நம்புற? அம்மா இரிக்கிற மட்டும் நீங்க நல்ல மனிசனா இரிக்கணும். வழியில்ல.”

அந்தத் தாய் சென்ற வருடம் காலமானார். அதனால்தான் இப்போது எழுதுகிறேன். அதுவரை அந்தப் பிள்ளை சொன்னபடி நல்ல மனிதனாக இருந்தேன். நான் செய்த வேலைகளிலெல்லாம் கடினமான வேலை அது.

அன்று நான் திரும்பிப் புறப்படுமுன்பே தாய் வரம்பால் வந்துவிட்டாள். கால் சேறு. என்னைக் கண்டதும் தலைச் சுமையை இறக்கிப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“ஐயா இவ்வளவு தூரம் வந்திரிக்கார், நீ தேத்தண்ணி குடுத்தியா புள்ள? இரிங்க ஐயா, ஏன் நிக்கிறீங்க? இந்த மனிசன் அண்டைக்கு எங்களுக்காக எவ்வளவு கஸ்ரப்பட்டிரிப்பார். பெத்த மகளோட சண்டையும் புடிச்சிரிப்பார், நம்மட்டச் சொல்லமாட்டார்.”

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

“ஓம் அம்மா” என்றாள், திரும்பாமல். “ஐயா கேட்டுத்தான் பாத்தவர்.”

தேத்தண்ணி வந்தது. தாய் எனக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, நான் குடித்து முடிக்கும்வரை கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சீனி போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன்.